ஓய்வில் கிடந்த அடுப்பே ஆபத்தான அடுப்பு

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் போதும், சனிக்கிழமை மாலையில் தாமான்கள்தோறும் ஒரு வாசம் கிளம்பிவிடும். மஞ்சளும் செராயும் தடவிய கோழி இறக்கை, வாழை இலையில் சுற்றிய மீன், குச்சியில் கோத்த சாத்தே என்று வீட்டுக்கு வீடு விருந்து களைகட்டும். முன்பெல்லாம் செங்கல்லை அடுக்கி, கரியைக் கொட்டி, விசிறியால் விசிறித்தான் நெருப்பு மூட்டினார்கள். இன்று பல வீடுகளில் அந்த இடத்தைக் கேஸ் பார்பிகியூ அடுப்பு பிடித்துக்கொண்டது. குமிழைத் திருப்பினால் நெருப்பு. கரி வாங்க வேண்டாம், சாம்பல் அள்ள வேண்டாம், கண் எரிய ஊத வேண்டாம்.

வசதி கூடியிருக்கிறது, சரி. பாதுகாப்பும் கூடியிருக்கிறதா? இவ்வார அரங்கம் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

கரி அடுப்பின் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். கனல் சிவந்திருக்கிறது, பொறி பறக்கிறது, சிறு பிள்ளைகூட எட்டி நிற்கும். கேஸ் அடுப்பின் ஆபத்து அப்படிப்பட்டதன்று. கசியும் எரிவாயுவைக் கண்ணால் பார்க்க முடியாது. அடைபட்ட குழாய் வெளியே தெரியாது. வெடித்த ரப்பர் அடுப்புக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சமையலறையில் உள்ள கேஸ் அடுப்பைத் தினமும் மூன்று வேளை பயன்படுத்துகிறோம். அதில் சிறு கோளாறு வந்தாலும் அன்றே தெரிந்துவிடும். பார்பிகியூ அடுப்போ ஆண்டில் நான்கைந்து முறைதான் வெளியே வருகிறது. தீபாவளிக்கு ஒரு முறை, சீனப் புத்தாண்டு விடுமுறையில் ஒரு முறை, பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு முறை. மற்ற நாளெல்லாம் பின்கட்டில் வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. எலி குழாயைக் கடிக்கிறது. குளவி கூடு கட்டுகிறது. சிலந்தி வலை பின்னுகிறது. துரு ஏறுகிறது. இவை எவையும் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆக, பெரும்பாலான ஆபத்துகள் விருந்து நாளில் பிறப்பவை அல்ல. அடுப்பு ஓய்வில் கிடந்த மாதங்களில் பிறந்து, விருந்து நாளில் வெளியே வருபவை. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு விருந்துக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

தோம்புக்குள் இருப்பது என்ன?

நம் வீடுகளுக்கு வரும் 12 அல்லது 14 கிலோ எரிவாயுத் தோம்புக்குள் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தத்தினால் அவை திரவமாகி உள்ளே கிடக்கின்றன. தோம்பை ஆட்டினால் தண்ணீர் அலம்புவது போன்ற சத்தம் கேட்பது அதனால்தான். வால்வைத் திறந்ததும் திரவம் ஆவியாகி வாயுவாக வெளியே வருகிறது. ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும்.

இந்த வாயுவுக்கு இரண்டு குணங்கள் உண்டு. முதலாவது, அது காற்றைவிடக் கனமானது. புரோப்பேன் ஒன்றரை மடங்கும் பியூட்டேன் இரண்டு மடங்கும் கனம் கூடியவை. ஆகவே, கசியும் எரிவாயு மேலே போய்க் கலைந்துவிடுவதில்லை. தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடிப் போகும். நம் தொடர் வீடுகளில் பள்ளம் என்றால் எது? முன்னும் பின்னும் ஓடும் கால்வாய்தான். அங்கே தேங்கி நிற்கும் எரிவாயு, யாரோ வீசும் சிகரெட் துண்டுக்குக் காத்திருக்கும்.

இரண்டாவது, காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே அது தீப்பிடிக்கும் கலவையாகிவிடும். ஒரு கணக்குப் பார்க்கலாம். மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரமுள்ள சிறிய அறை ஒன்று. அதைத் தீப்பிடிக்கும் நிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ ஒரு கிலோ எரிவாயு போதும். தோம்பில் இருப்பதோ 14 கிலோ.

மூக்கை மட்டும் நம்பலாமா?

“கசிந்தால் நாற்றம் வருமே” என்பது பலர் சொல்லும் சமாதானம். உண்மையில் இந்த எரிவாயுவுக்கு இயல்பான நாற்றம் கிடையாது என்றே சொல்லலாம். நம் மூக்கில் ஏறுவது மெர்காப்டன் என்ற பொருளின் நாற்றம். எச்சரிக்கைக்காக அதை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள்.

இந்தப் பழக்கம் பரவியதற்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1937ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடம் ஒன்று வெடித்துச் சிதறியது. ஏறக்குறைய 300 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். கட்டடத்திற்கு அடியில் இயற்கை எரிவாயு கசிந்து சேர்ந்திருந்தது. நாற்றம் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. அதன்பிறகுதான் எரிவாயுவில் நாற்றப் பொருள் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. பிறகு அது பல நாடுகளிலும் வழக்கமாயிற்று.

அந்த நாற்றம் நல்ல காவல்காரன்தான். ஆனால் அவனும் தூங்குவான். சளி பிடித்தவருக்கு அது எட்டாது. வயதானவர்களுக்கு மோப்ப உணர்வு குறைந்திருக்கும். கோவிட் தொற்றுக்குப் பிறகு வாசனை தெரியாமல் போனவர்களும் நம்மிடையே உண்டு. மசாலா வாசமும் புகையும் சூழ்ந்த இடத்தில் மெல்லிய கசிவு தெரிவதில்லை. ஒரே நாற்றத்தில் சிறிது நேரம் நின்றால் மூக்கு அதற்குப் பழகியும் விடுகிறது. எனவே, மூக்கு எச்சரித்தால் உடனே நம்ப வேண்டும். மூக்கு எச்சரிக்கவில்லை என்பதற்காகக் கசிவு இல்லை என்று நம்பிவிடக் கூடாது.

விருந்துக்கு முன் அரை மணி நேரம்

முதலில் ரப்பர் குழாய். தோம்பிலிருந்து அடுப்புவரை கையால் தடவிப் பாருங்கள். மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைத்த இடத்தில் வெடிப்புத் தெரிந்தாலோ, குழாய் விறைத்துப் போயிருந்தாலோ, பிசுபிசுப்பாக இருந்தாலோ, எலிப்பல் பட்டிருந்தாலோ அதை மாற்றிவிட வேண்டும். டேப் சுற்றி ஒட்டுப்போடுவது கூடவே கூடாது. வெளியில் இல்லாவிட்டாலும், பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ரப்பர் குழாயையும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ரெகுலேட்டரையும் மாற்றிவிடுவது நல்லது. குழாயின் இரு முனைகளிலும் இரும்புக் கிளிப் இறுக்கமாக இருக்க வேண்டும். குழாய் அடுப்பின் அடிப்பாகத்தில் உரசக் கூடாது. ஆட்கள் நடக்கும் வழியிலும் கிடக்கக் கூடாது.

இரண்டாவது ரெகுலேட்டர். கடைகளில் இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று வீட்டு அடுப்புக்கான குறைந்த அழுத்த வகை. அது ஏறத்தாழ 30 மில்லிபார் அழுத்தத்தில் எரிவாயுவைத் தரும். மற்றொன்று கல்யாண வீட்டுக் குவாலிக்கும் அங்காடிக் கடைக்கும் பயன்படும் உயர் அழுத்த வகை. அது பல மடங்கு வேகத்தில் எரிவாயுவைத் தள்ளும். “நெருப்பு நன்றாக வரட்டும்” என்று உயர் அழுத்த ரெகுலேட்டரைப் பார்பிகியூ அடுப்பில் மாட்டுவது மிகவும் ஆபத்தானது. அந்த வேகத்தைக் குமிழும் குழாயும் தாங்கா. அடுப்போடு வந்த கையேட்டில் எந்த அழுத்தம் என்று குறித்திருப்பார்கள், அதன்படியே மாட்ட வேண்டும். வாங்கும்போது மலேசியாவில் சிரிம் முத்திரையையும் சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரையையும் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது சோப்பு நீர்ச் சோதனை. செலவில்லாதது, ஐந்து நிமிடத்தில் முடிவது, ஆனால் மிகச் சிலரே செய்வது. பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் சம அளவில் கலந்துகொள்ளுங்கள். அடுப்பின் குமிழ்கள் எல்லாம் மூடியிருக்கட்டும். பக்கத்தில் நெருப்பே இருக்கக் கூடாது. தோம்பின் வால்வைத் திறந்துவிட்டு, ரெகுலேட்டர் மாட்டிய இடம், குழாயின் இரு முனைகள், குழாயின் நீளம் முழுவதும் பழைய தூரிகையால் சோப்பு நீரைப் பூசுங்கள். நுரைக் குமிழி பெரிதாகிக்கொண்டே வந்தால் அங்கே கசிவு இருக்கிறது என்று பொருள். உடனே வால்வை மூடி, இணைப்பை இறுக்கி, மீண்டும் சோதியுங்கள். அப்போதும் குமிழி வந்தால் அன்று அந்த அடுப்பு வேண்டாம். கசிவு தோம்பின் வால்விலேயே இருந்தால், அதைத் திறந்த வெளியில் வைத்துவிட்டு, தோம்பு கொண்டுவரும் கடைக்காரரை அழைக்க வேண்டும். தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்க்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் உண்டு. அதைவிட அபாயம் வேறில்லை.

நான்காவது பர்னர். ஒவ்வொரு பர்னரின் பின்முனையிலும், எரிவாயுவும் காற்றும் கலக்கும் சிறிய குழாய் ஒன்று இருக்கிறது. இருட்டும் ஒதுக்குப்புறமுமான அந்த இடம் சிலந்திக்கும் குளவிக்கும் பிடித்தமானது. கூடு அடைத்துக்கொண்டால் எரிவாயு முன்னே போக வழியின்றிப் பின்பக்கமாகத் திரும்பிக் குமிழ்களுக்கு அருகே தீப்பற்றும். சமைப்பவரின் கையும் வயிறும் இருக்கும் இடம் அது. எனவே, மாதக்கணக்கில் கிடந்த அடுப்பு என்றால், பர்னரைக் கழற்றி, நீண்ட புட்டித் தூரிகையை உள்ளே விட்டுச் சுத்தம் செய்த பிறகே பற்றவைக்க வேண்டும்.

அடுப்பை எங்கே வைப்பது?

சமதரையில், திறந்த வெளியில், சுவர், வேலி, துணிக்கொடி, கார் ஆகியவற்றிலிருந்து சில மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். கால்வாய்க்குப் பக்கத்தில் வேண்டாம். காரணம் மேலே சொன்னதுதான். தோம்பு எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே ரெகுலேட்டருக்குள் புகுந்து, நெருப்பு கட்டுக்கடங்காமல் சீறும்.

அடுக்குமாடிகளில் குடியிருப்போர் பொது நடைபாதையிலும் பால்கனியிலும் பார்பிகியூ போடக் கூடாது. அங்கே மேல் வீட்டுத் துணி, பக்கத்து வீட்டுச் சன்னல், தப்பி ஓடும் ஒரே வழி எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. கொண்டோமினியங்களில் இதற்கென்றே ஒதுக்கிய இடங்கள் பலவற்றில் உண்டு. சிங்கப்பூரில் ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் போன்ற பூங்காக்களில் பார்பிகியூ மேடைகளை முன்பதிவு செய்துகொள்ளலாம்.

மழை வந்துவிட்டால்?

நம் ஊரில் இது முக்கியமான கேள்வி. மாலை நான்கு மணிக்கு வானம் பளிச்சென்று இருக்கும். ஐந்து மணிக்குக் கொட்டித் தீர்க்கும். விருந்தினர் வந்துவிட்டார்கள், கோழி பாதி வெந்திருக்கிறது. உடனே நான்கு பேர் சேர்ந்து எரியும் அடுப்பைத் தூக்கி வீட்டு முன்கூரைக்குள் வைத்துவிடுகிறார்கள். மழைச்சாரலுக்குத் தார்ப்பாயையும் இறக்கிவிடுகிறார்கள்.

இதில் மூன்று தவறுகள் இருக்கின்றன. எரியும் அடுப்பை நகர்த்தினால் குழாய் இழுபட்டுக் கழன்றுவிடலாம். கூரைக்கு அடியில் காரும், செருப்பு அலமாரியும், திரைச்சீலையும் நெருப்புக்கு அருகே வந்துவிடுகின்றன. மூன்றாவதுதான் கொடியது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் எரிவாயு முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தோம்பு எரிவாயுவில் சேர்க்கும் நாற்றப் பொருளும் நெருப்பில் எரிந்துபோவதால் மூக்கு இங்கே உதவாது. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்போடு இந்த நச்சைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் என்று தொடங்கி மயக்கத்தில் முடியும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிடுபவர் எழாமலே போகலாம்.

கேமரன் மலைக் குளிரில் கூடாரத்துக்குள் அடுப்பை வைத்துக் கதகதப்பு காய்வதும் இதே ஆபத்துதான்.

மழை வந்தால் செய்ய வேண்டியது எளிது. தோம்பை மூடுங்கள், குமிழ்களை மூடுங்கள், பாதி வெந்த கறியைச் சமையலறை அடுப்பில் வேகவையுங்கள். ருசி கொஞ்சம் குறையலாம், விருந்து குறையாது.

மூடியைத் திறந்து வைத்தே பற்றவையுங்கள்

கேஸ் பார்பிகியூவில் முகமும் புருவமும் கருகும் விபத்துகளுக்கு முக்கியக் காரணம், மூடியை மூடி வைத்துக்கொண்டு பற்றவைப்பதுதான்.

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. நடுத்தர அளவிலான அடுப்பின் மூடிக்குள் சுமார் 100 லிட்டர் இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 3 கிலோவாட் பர்னர் ஒன்று நிமிடத்திற்கு ஏறக்குறைய 2 லிட்டர் எரிவாயுவை விடும். நூற்றுக்கு இரண்டு. தீப்பிடிக்கும் அளவும் அதுவேதான். அதாவது, ஒரு பர்னரைத் திறந்துவிட்டு “எங்கே லைட்டர்?” என்று ஒரு நிமிடம் தேடினாலே மூடிக்குள் வெடிக்கும் கலவை தயார். மூன்று பர்னர்களையும் திறந்திருந்தால் இருபதே விநாடிகள்.

ஆகவே, வரிசை இப்படி இருக்கட்டும். மூடியை முழுக்கத் திறந்து வையுங்கள். குமிழ்கள் எல்லாம் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். தோம்பு வால்வை மெதுவாகத் திறங்கள். குனிந்து பார்க்காமல் சற்று ஒதுங்கி நின்று, பற்றவைக்கும் பொத்தானுக்கு அருகிலுள்ள ஒரு பர்னரை மட்டும் பற்றவையுங்கள். ஐந்து விநாடிகளில் பற்றவில்லை என்றால் குமிழை மூடிவிட்டு, மூடி திறந்தபடியே ஐந்து நிமிடம் காத்திருங்கள். திரும்பத் திரும்பச் சொடுக்கிக்கொண்டே இருக்கக் கூடாது.

பற்றியதும் சுடரின் நிறத்தைப் பாருங்கள். நீலச் சுடர் நல்ல சுடர். நுனியில் மட்டும் லேசாக மஞ்சள் தெரிந்தால் பாதகமில்லை. சுடர் முழுவதும் மஞ்சளாகச் சோம்பி ஆடினால் காற்று சரியாகக் கலக்கவில்லை, குழாயில் அடைப்பு இருக்கலாம். அணைத்துவிட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்.

கொழுப்பில் பற்றும் தீ

கோழித் தோலும் ஆட்டுக் கொழுப்பும் உருகிச் சொட்டும்போது குப்பென்று தீ எழும்பும். அடியில் உள்ள கொழுப்புத் தட்டில் சென்ற விருந்தின் கொழுப்பும் சேர்ந்திருந்தால் அது பெரும் தீயாகிவிடும். இங்கே எல்லாரும் முதலில் செய்வது தண்ணீர் ஊற்றுவது. அது முற்றிலும் தவறு. கொதிக்கும் கொழுப்பில் விழும் தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாற்புறமும் வாரி இறைக்கும்.

குமிழ்களை மூடுங்கள், கை எட்டினால் தோம்பையும் மூடுங்கள், பிறகு மூடியைச் சாத்திவிடுங்கள். காற்றில்லாமல் தீ அடங்கும். சோடா உப்பைத் தூவலாம். உலர்தூள் தீயணைப்பான் ஒன்று பக்கத்தில் இருப்பது நல்லது. ஆனால் தோம்பிலோ குழாயிலோ தீப்பற்றி, வால்வை நெருங்க முடியாவிட்டால் வீரம் காட்ட வேண்டாம். அந்தச் சுடரை மட்டும் அணைத்தால், எரியாத எரிவாயு தொடர்ந்து வெளியேறித் தேங்கி, பிறகு பெரிதாக வெடிக்கும். எல்லாரையும் தொலைவுக்கு அழைத்துச் சென்று, மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை அழையுங்கள்.

உடையிலும் கவனம் தேவை. விருந்து நாள் என்று பட்டுச் சேலையின் முந்தானை, துப்பட்டா, தளர்ந்த நைலான் சட்டை ஆகியவற்றோடு அடுப்பருகே நிற்பது ஆகாது. பிள்ளைகள் எட்ட முடியாதபடி அடுப்பைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கோடு போட்டு வைத்தால், அதுவே அவர்களுக்கு ஒரு விளையாட்டாகவும் இருக்கும். அடுப்பு எரியும்வரை பெரியவர் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். மது அருந்தியவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது.

அணைக்கும்போதும் ஒரு முறை உண்டு. முதலில் தோம்பை மூடுங்கள். குழாயில் மிச்சமுள்ள எரிவாயு எரிந்து, சுடர் தானாக அணையும். அதன்பிறகு குமிழ்களை மூடுங்கள். இப்படிச் செய்தால் குழாயில் எரிவாயு தேங்காது.

துப்புரவு: கம்பித் தூரிகை வேண்டாம்

சமைத்து முடித்ததும் பத்து நிமிடம் அடுப்பை எரியவிட்டால் ஒட்டியவை கருகி உதிரும். சூடு தணிந்து இளஞ்சூடாக இருக்கும்போது கம்பித் தட்டைத் தேய்க்கலாம். எதைக் கொண்டு தேய்ப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

கடைகளில் விற்கும் கம்பித் தூரிகையின் கம்பிகள் நாளடைவில் உதிர்ந்து தட்டில் ஒட்டிக்கொள்கின்றன. அடுத்த விருந்தில் அவை கறியோடு சேர்ந்து வாய்க்குள் போகின்றன. தொண்டையிலும் குடலிலும் குத்தி, அறுவைச் சிகிச்சை வரை போனவர்கள் உண்டு. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2002 முதல் 2014 வரை அந்நாட்டில் 1,600க்கும் மேற்பட்டோர் இதற்காக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுள்ளனர்.

நம் வீட்டிலேயே நல்ல மாற்று இருக்கிறது. பாட்டி காலத்துத் தேங்காய் நார்! நன்றாகத் தேய்க்கும், உதிர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும். பாதியாக வெட்டிய பெரிய வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேய்ப்பதும், அலுமினியத் தாளைப் பந்தாகச் சுருட்டித் தேய்ப்பதும் பயன் தரும். எதனால் தேய்த்தாலும் கடைசியில் ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

மற்ற பாகங்களைச் சுத்தம் செய்யும் முன் தோம்பைக் கழற்றிவிடுங்கள். பர்னரின் துளைகள் அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்திவிடலாம். துளையைப் பெரிதாக்கிவிடக் கூடாது. கொழுப்புத் தட்டை ஒவ்வொரு முறையும் கொட்டிக் கழுவுங்கள். அந்தக் கொழுப்பைக் கால்வாயில் ஊற்றாமல் பழைய தாளில் மடித்துக் குப்பையில் போடுங்கள். அலுமினியப் பாகங்களில் அவன் கிளீனர் தெளிக்க வேண்டாம். அவற்றில் பலவற்றில் உள்ள காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்துவிடும். கழுவிய பாகங்கள் நன்றாகக் காய்ந்த பிறகே பூட்ட வேண்டும். கடலோரத்தில் குடியிருப்போர் உப்புக் காற்றால் விரைவில் துருப்பிடிக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நேயர்களுக்கு எழும் சில ஐயங்கள்

விருந்து நடக்கும்போது தோம்பின் மேல் வியர்வை படிகிறதே, கோளாறா?

இல்லை. திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் தோம்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. நெருப்புக் குறைகிறதே என்று தோம்பைக் கொதிநீரில் வைப்பதும், கவிழ்த்து வைப்பதும் பெரும் ஆபத்து. ஒரு பர்னரை அணைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்தால் அழுத்தம் மீண்டுவிடும்.

தோம்பில் எவ்வளவு மிச்சம் என்று எப்படி அறிவது?

தோம்பின் ஒரு பக்கத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை மேலிருந்து கீழாக ஊற்றிக் கையால் தடவிப் பாருங்கள். எந்த இடத்திலிருந்து குளிர்ச்சி தொடங்குகிறதோ, அதுவரை திரவம் இருக்கிறது.

வீட்டுக்குக் குழாய்வழி வரும் எரிவாயுவில் இந்த அடுப்பை இணைக்கலாமா?

கூடாது. மலேசியாவில் சில குடியிருப்புகளுக்குக் குழாயில் வருவது இயற்கை எரிவாயு. சிங்கப்பூரில் பல வீடுகளுக்கு வருவது நகர எரிவாயு. இரண்டும் தோம்பு எரிவாயுவிலிருந்து வேறானவை. ஒவ்வொன்றுக்கும் பர்னரின் வாயுத் துளை அளவு வேறு. மாற்ற வேண்டுமானால் உரிமம் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பரைத்தான் அழைக்க வேண்டும்.

விருந்து முடிந்ததும் தோம்பை எங்கே வைப்பது?

ஸ்டோர் அறையிலோ படிக்கட்டுக்கு அடியிலோ வேண்டாம். நிழலும் காற்றோட்டமும் உள்ள வெளியிடத்தில் நிமிர்த்தி வையுங்கள். காரில் கொண்டுசெல்வதானால் நிமிர்த்திக் கட்டி, சன்னலைத் திறந்து வைத்து, நேராக வீடு போய்ச் சேருங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு மளிகை வாங்கப் போய்விடாதீர்கள்.

மாதம் ஐந்து நிமிடம்

இவ்வளவையும் ஒரே நாளில் செய்வது சுமையாகத் தோன்றலாம். அதற்கும் வழி உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்கட்டைக் கூட்டும்போது, அடுப்பின் உறையை நீக்கிப் பாருங்கள். எலி எச்சம் உண்டா, குளவிக் கூடு உண்டா, குழாய் வெடித்திருக்கிறதா, தட்டில் கொழுப்புத் தேங்கியிருக்கிறதா? ஐந்து நிமிட வேலைதான். ரப்பர் குழாய் வாங்கிய தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி அடுப்பின் காலில் ஒட்டி வையுங்கள். நினைவில் வைத்துக்கொள்வதாகச் சொல்லும் வீடுகளில் அது யார் நினைவிலும் இருப்பதில்லை.

விருந்துக்குக் கோழியை முதல் நாளே ஊறவைக்கிறோம். சாத்தே குச்சியையும் தண்ணீரில் போட்டு வைக்கிறோம். அதே மாலையில் ஒரு கிண்ணம் சோப்பு நீரையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்வந்தால், மறுநாள் அடுப்பைச் சுற்றி நிற்கப்போகும் நம் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அதுவே முதல் உபசரிப்பு ஆகும்.